ஷேர்பாயின்ட், கூகுள் வால்ட், ஆல்ஃபிரெஸ்கோ: மின்பதிவேடுகளை எதை நம்பி ஒப்படைப்பது?

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஒரு கோப்பு முடிந்து பதிவறைக்குப் போகும்போது அதன் மேலட்டையில் ஒரு குறி விழும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். 10 ஆண்டு, கே.டிஸ். 3 ஆண்டு, எல்.டிஸ். 1 ஆண்டு. சின்னக் குறிதான், ஆனால் அது மூன்று சேதி சொல்கிறது: இனி இதில் யாரும் எழுதக் கூடாது, இத்தனை காலம் இது இருந்தாக வேண்டும், காலம் முடிந்தால் இது இருக்கக் கூடாது. அலுவலகம் முழுக்க மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கும் கூகுள் டிரைவுக்கும் மாறிய பிறகும் அந்த மூன்று தேவைகளும் மாறவில்லை. ஆனால் கூட்டுப்பணி மென்பொருளின் இயல்பே எல்லோரும் எப்போதும் திருத்திக்கொண்டே இருப்பது. ஆகவே இத்தகைய மென்பொருட்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குறியைத்தான். அது எங்கே விழுகிறது, யார் போடுகிறார், போட்ட பிறகு யாரால் எடுக்க முடியும்?

இங்கே அலசுவது மூன்றை: மைக்ரோசாஃப்ட் 365-இன் கோப்புக் கிடங்கான ஷேர்பாயின்ட், அதில் எதை எவ்வளவு காலம் வைப்பது என்று ஆளும் பர்வியூ; கூகுள் வொர்க்ஸ்பேஸ், அதில் அதே வேலைக்கான வால்ட்; சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் ஆவண மென்பொருளான ஆல்ஃபிரெஸ்கோ. 100 முதல் 500 பேர் வரை வேலை செய்யும் இந்திய பிரைவேட் லிமிடெட் கம்பெனியை மனதில் வைத்துக்கொள்வோம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128(5) கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் 8 நிதியாண்டுக்கு வைத்திருக்கச் சொல்கிறது. மத்திய சரக்கு சேவை வரி (சிஜிஎஸ்டி) சட்டத்தின் பிரிவு 36, ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் பிரிவு 7, மின்பதிவு பின்னாளில் எடுத்துப் பார்க்கும்படியும், உருவான வடிவத்திலோ அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவத்திலோ இருக்க வேண்டும் என்கிறது. எங்கிருந்து, யாருக்கு, எப்போது போனது என்பதும் தெரிய வேண்டும். மறுபக்கம், 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த தனிநபர் விவரங்களை அழிக்கச் சொல்கிறது. சீக்கிரம் அழித்தாலும் சிக்கல், அழிக்காமலே குவித்தாலும் சிக்கல்.

கோப்பைத் திருத்த வந்தால்

ஷேர்பாயின்ட்டில் குறிக்கு லேபிள் என்று பெயர். ஒரு கோப்புக்கு ஒரு நேரத்தில் ஒரே ரிட்டென்ஷன் (வைத்திருக்கும் காலத்துக்கான) லேபிள்தான் ஒட்டும். அதில் மூன்று படிகள் உண்டு. சாதாரண லேபிள் காலத்தை மட்டும் எண்ணும். கோப்பைத் திருத்தலாம், லேபிளையும் மாற்றலாம். இரண்டாவது 'ரெக்கார்ட்' லேபிள். பூட்டிய நிலையில் உள்ளடக்கத்தில் கை வைக்க முடியாது, லேபிளை எடுக்க அந்தக் கோப்பு இருக்கும் ஷேர்பாயின்ட் தளத்தின், அதாவது சைட்டின், அட்மினால் மட்டுமே முடியும். மூன்றாவது 'ரெகுலேட்டரி ரெக்கார்ட்'. இதை ஒட்டிவிட்டால் நிறுவனக் கணக்கு முழுவதையும் ஆளும் குளோபல் அட்மினாலும் எடுக்க முடியாது. காலத்தைக் கூட்டலாம், குறைக்க முடியாது. பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தில் ஒரு கட்டளை கொடுத்தால்தான் இந்தத் தெரிவே திரையில் தோன்றும். மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே மறைத்து வைத்திருக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 8 ஆண்டுக்குப் பதில் 80 என்று தட்டிவிட்டால் திரும்பும் வழி கிடையாது. சோதனைக்காகவும் நிஜ டெனன்ட்டில் (நிறுவனத்தின் மைக்ரோசாஃப்ட் 365 கணக்கில்) இதைத் தொடாதீர்கள்.

கூகுளில் இதற்கு இணையான ஒன்று கிடையாது, இதைத் தெளிவாகவே சொல்லிவிடலாம். டிரைவில் ஒரு கோப்புக்குப் பூட்டுப் போடலாம். ஆனால் இயல்பு நிலையில், திருத்தும் உரிமை உள்ளவர் அந்தப் பூட்டைத் திறந்தும் விடலாம். வால்ட் யாரையும் தடுப்பதில்லை. யாராவது அழித்தால் பின்னணியில் பிடித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவே. இன்னொரு குழி: கூகுள் டாக்ஸ் அல்லாத பிடிஎஃப், எக்செல் போன்ற கோப்புகளின் பழைய பதிப்புகளை 'எப்போதும் வைத்திரு' என்று குறிக்காவிட்டால், 30 நாளிலோ 100 பதிப்பு சேர்ந்ததுமோ டிரைவ் நீக்கத் தொடங்கும்.

இதற்கு நடைமுறையில் பலனளிக்கும் மாற்று வழி, பதிவேடுகளுக்கென்றே ஒரு ஷேர்டு டிரைவ் (தனி ஆளுக்கன்றி நிறுவனத்துக்குச் சொந்தமான கிடங்கு) திறப்பது. எல்லோருக்கும் பார்வையாளர் உரிமை மட்டும், இரண்டு பேருக்கு மட்டும் உள்ளடக்க மேலாளர் உரிமை. முடிந்த கோப்பை பிடிஎஃப் ஆக்கி அந்த இருவர்தான் உள்ளே சேர்க்க வேண்டும். பழைய பதிவறை எழுத்தரின் வேலைதான் இது. மென்பொருள் செய்யாததை ஆள் செய்கிறார்.

ஆல்ஃபிரெஸ்கோவின் கவர்னன்ஸ் பகுதி பதிவேட்டுக்காரர்கள் கையால் செய்தது போலவே இருக்கும். மேலே ஃபைல் பிளான், அதற்குக் கீழே வகைகள், வகைக்குள் பதிவு ஃபோல்டர்கள், அவற்றுக்குள் பதிவுகள். கால அட்டவணை வகையின் மேல் தொங்குகிறது. கோப்பை ரெக்கார்ட் என்று அறிவித்ததும் உள்ளடக்கம் உறைந்துவிடும். கட்டாய விவரங்களை நிரப்பி 'கம்ப்ளீட்' கொடுக்கும் வரை அது முழுமையடையாத பதிவாகவே நிற்கும். பலர் அறிவித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு கால அட்டவணை ஏன் நகரவில்லை என்று தேடும்போது, நூற்றுக்கணக்கான பதிவுகள் முழுமையடையாமல் கிடப்பது தெரியவரும்.

இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. சர்வரில் ரூட் (முழு அதிகாரக்) கடவுச்சொல் வைத்திருப்பவர் மென்பொருளைச் சுற்றிக்கொண்டு போய் வட்டில் இருக்கும் கோப்பிலேயே கை வைக்கலாம். ஆகவே சர்வர் நிர்வாகியும் பதிவேட்டு நிர்வாகியும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பேக்கப் ஒன்று அவர்கள் இருவருக்கும் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

கோப்பை அழித்தால்

மூன்றும் மிகவும் வேறுபடுவது இங்கேதான். நிறுவனங்கள் அதிகம் அடிபடுவதும் இங்கேதான்.

ஷேர்பாயின்ட்டில் ரிட்டென்ஷன் உள்ள கோப்பை ஒருவர் அழித்தால், அதன் நகல் அதே சைட்டுக்குள் 'பிரிசர்வேஷன் ஹோல்ட் லைப்ரரி' என்ற அறைக்குப் போகும். சைட் அட்மினுக்கு மட்டுமே அது தெரியும். அந்த அறை சைட்டின் இட ஒதுக்கீட்டிலிருந்துதான் இடத்தை எடுக்கும். டிராயிங், வீடியோ என்று பெரிய கோப்புகள் புழங்கும் பிரிவில், ஆட்கள் அழித்துக்கொண்டே இருப்பார்கள், நிரம்பிய இடம் மட்டும் குறையாது. அட்மினிடம் வரும் முதல் புகாரே இதுவாக இருக்கும்.

காலம் முடிந்த அன்றே கோப்பு போய்விடும் என்றும் எண்ண வேண்டாம். அந்த அறையைத் துப்புரவு செய்யும் வேலை 7 நாளுக்கு ஒருமுறை ஓடும். அங்கே 30 நாளாவது இருந்த கோப்பைத்தான் அது தொடும். ஆக 37 நாள் வரை. பிறகு இரண்டாம் நிலை 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைத் தொட்டிக்குப் போய், அங்கே 93 நாள் வரை கிடக்கலாம். மொத்தம் 130 நாள் ஆகலாம். 'விவரத்தை அழித்துவிட்டோம்' என்று ஒருவருக்குக் கடிதம் எழுதும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரே கோப்பின் மேல் பல கொள்கைகள் மோதினால் பர்வியூவின் விதி எளிது: வைத்திரு என்பது அழி என்பதை வெல்லும், இரண்டு காலங்கள் மோதினால் நீண்டது வெல்லும். கூகுளிடம் இதே எதிர்பார்ப்போடு போனால் தரவு போய்விடும். வால்ட்டில் இயல்பு விதி, தனி விதி என இரண்டு வகை. தனி விதி ஒன்று பொருந்திவிட்டால் இயல்பு விதி ஒதுங்கிவிடும், அது எவ்வளவு நீண்டதாக இருந்தாலும். நிறுவனம் முழுமைக்கும் 8 ஆண்டு இயல்பு விதி இருக்கிறது; விற்பனைப் பிரிவின் மின்னஞ்சலுக்கு 1 ஆண்டு, பிறகு எல்லாவற்றையும் அழி என்று ஒரு தனி விதி எழுதுகிறீர்கள். சேமித்த கையோடு, அந்தப் பிரிவில் ஓராண்டைத் தாண்டிய அஞ்சல்கள் அழிக்கத் தகுந்தவை ஆகிவிடும். அழிந்தால் மீட்பு இல்லை. ஆகவே வால்ட்டில் விதி எழுதும்போது ஒரு ஒழுங்கு வேண்டும்: முதலில் சம்பந்தப்பட்டவர்கள் மேல் ஒரு ஹோல்ட் (விதிகள் எதையும் அழிக்க விடாத தடை) போடுங்கள். ஹோல்ட் எல்லா விதியையும் வெல்லும். பிறகு விதியை எழுதி, இன்னொருவரைப் படிக்கச் சொல்லி, சிறிய பிரிவு ஒன்றில் சோதித்த பிறகே ஹோல்டை எடுங்கள்.

ஆல்ஃபிரெஸ்கோவில் அழிப்பு படிப்படியாக நடக்கும். முதலில் 'கட் ஆஃப்', அதாவது கோப்பு மூடப்பட்டுக் காலம் எண்ணத் தொடங்கும் நாள். அதற்குப் பிறகு மாற்றிக்கொடுத்தல் அல்லது அழித்தல். அழித்த பின்னும் தலைப்பு, தேதி போன்ற விவரங்களை மட்டும் நிழலாக விட்டுவைக்கும்படி அமைக்கலாம். 'இப்படி ஒரு கோப்பு இருந்தது, இந்த நாளில், இந்த விதிப்படி அழிக்கப்பட்டது' என்று காட்ட இதைவிட நல்ல சான்று இல்லை. மற்ற இரண்டையும்விட இந்த இடத்தில் ஆல்ஃபிரெஸ்கோ ஒரு படி மேல் என்றே சொல்லலாம். ஆனால் சாதாரணக் கோப்பை அழித்தால், மென்பொருளிலிருந்து மறைந்த பின்னும் வட்டில் அந்தக் கோப்பு இயல்பாக 14 நாள் அநாதையாகக் கிடந்து, அதற்குப் பிறகே துப்புரவாகும்.

பேக்கப் வரிசையும் முக்கியம்: முதலில் தேடல் அட்டவணை, அடுத்து டேட்டாபேஸ், கடைசியாக உள்ளடக்கக் கிடங்கு. இதை மாற்றினால், டேட்டாபேஸில் பெயர் இருக்கும், வட்டில் கோப்பு இருக்காது. மீட்டெடுக்கும் நாளில்தான் அது தெரியும்.

கிளவுடில் இருப்பவர்களும் ரிட்டென்ஷனை பேக்கப் என்று ஆடிட்டரிடம் காட்டிவிடக் கூடாது. மின்வடிவக் கணக்குகளின் பேக்கப் இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்பது 2022 ஆகஸ்டில் வந்த விதித் திருத்தம். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

ஆள் வேலையை விட்டுப் போனால்

கூகுளில் ஒருவரின் கணக்கை நீக்கினால், அவருடைய அஞ்சலும் மை டிரைவும் வால்ட் விதி இருந்தாலும், ஹோல்ட் இருந்தாலும், சேர்ந்தே போய்விடும். 20 நாளுக்குள் நினைவுக்கு வந்தால் கணக்கை மீட்கலாம். செலவைக் குறைக்க மாதக் கடைசியில் கணக்குகளை நீக்கும் பழக்கம் உள்ள இடங்களில் இது பெரிய ஆபத்து. சரியான வழி, நீக்காமல் ஆள் போன பின்னும் தரவை வைத்திருக்கும் 'ஆர்க்கைவ்டு யூசர்' லைசென்ஸுக்கு மாற்றுவது. ஷேர்டு டிரைவில் இருக்கும் கோப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை நிறுவனத்துக்குச் சொந்தம், ஆள் போனாலும் இருக்கும்.

மைக்ரோசாஃப்டில் ஆபத்து ஒளிந்திருக்கும் இடம் டீம்ஸ். சேனலில் போட்ட கோப்பு அந்த டீமின் ஷேர்பாயின்ட் சைட்டில் உட்காரும். தனி அரட்டையில் போட்ட கோப்பு அனுப்பியவரின் தனிக் கிடங்கான ஒன்டிரைவில் உட்காரும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். அரட்டையில் அனுப்பிய ஒப்பந்த வரைவு, அனுப்பியவரின் கணக்கை நீக்கிய பின் இயல்பாக 30 நாள்தான் தாங்கும். ரிட்டென்ஷன் கொள்கை போட்டிருந்தால் நிலைக்கும். ஆனால் 2025 ஜனவரி 27 முதல், லைசென்ஸ் நீங்கி 93 நாள் ஆன ஒன்டிரைவ் ஆர்க்கைவுக்குப் போய்விடுகிறது, திறக்கத் தனிக் கட்டணம். ஒப்பந்தம், கொள்முதல், ஊழியர் ஆவணம் ஆகியவற்றை அரட்டையில் அனுப்பக் கூடாது, சேனலில்தான் போட வேண்டும் என்று ஒரு விதி போட்டுவிடுங்கள்.

கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தால்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் பிரிவு 63-இன்படி, மின்பதிவுக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்றது, கோப்பு சற்று மாறினாலும் மாறிவிடும்) குறிக்க வேண்டும். இங்கே ஷேர்பாயின்ட்டில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. வேர்டு, எக்செல் கோப்புகளை ஏற்றும்போது, லைப்ரரியின் விவரங்களை அது கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். எழுத்து ஒன்றுகூட மாறாது. ஆனால் இறக்கிப் பார்த்தால் அளவு சற்றுக் கூடியிருக்கும், ஹாஷ் வேறாக இருக்கும். பிடிஎஃப் கோப்புக்கு இப்படி ஆவதில்லை. ஆகவே ஷேர்பாயின்ட்டில் இறுதிப் பதிவை பிடிஎஃப் ஆகவே ஏற்றுங்கள். அல்லது, ஏற்றிப் பூட்டிய பிறகு இறக்கி எடுத்த கோப்பின் ஹாஷைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வால்ட் ஏற்றுமதியோடு எம்டி5 (ஒரு வகை ஹாஷ்) பட்டியலைக் கொடுக்கிறது, இது வசதி. ஏற்றுமதித் தொகுப்பு 15 நாள்தான் கிடைக்கும், உடனே இறக்கிக்கொள்ள வேண்டும். கூகுள் டாக்ஸில் எழுதியது வேர்டு வடிவமாக மாறித்தான் வெளியே வரும். ஆல்ஃபிரெஸ்கோ கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்திருக்கும்.

தமிழில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் கணினியின் கண்ணுக்கு லத்தீன் எழுத்துக் குவியல். 'குத்தகை' என்ற சொல் இருந்தால் லேபிள் ஒட்டு என்று விதி எழுதினால் ஒன்றுகூடச் சிக்காது. மூல கோப்பைத் தொடாமல், யூனிகோடுக்கு மாற்றிய நகலை அருகில் வைத்து, தலைப்பையும் தேதியையும் கையால் நிரப்புவதே வழி.

எதை எடுப்பது

ஏற்கெனவே மைக்ரோசாஃப்டில் இருந்து, ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய தொழிலும் செய்தால் ஷேர்பாயின்ட்தான். ஆனால் விலையைச் சரியாகப் படியுங்கள். மைக்ரோசாஃப்ட் 365-இன் இ3 லைசென்ஸில் சாதாரண லேபிளைக் கையால் ஒட்டலாம். ரெக்கார்ட் ஆக்குவது, தானாக ஒட்டுவது, அழிக்கும் முன் ஒருவர் பார்வைக்கு அனுப்புவது, ஊழியர் விலகிய நாள் போன்ற நிகழ்விலிருந்து காலம் எண்ணுவது எல்லாம் அதைவிட விலை கூடிய இ5 வகை. சொந்த சர்வரில் ஷேர்பாயின்ட் 2016 அல்லது 2019 வைத்திருப்பவர்களுக்கு 2026 ஜூலை 14 கடைசி நாள். அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையாது.

கூகுளில் இருக்கும் சிறு நிறுவனம் இதற்காக இடம் மாற வேண்டியதில்லை. வால்ட் பிசினஸ் பிளஸ் திட்டத்தில் உண்டு, ஸ்டாண்டர்டில் இல்லை. பதிவேட்டு ஷேர்டு டிரைவ், ஆர்க்கைவ்டு யூசர், கவனமாக எழுதிய விதிகள் மூன்றும் இருந்தால் போதும். பூட்டப்பட்ட பதிவு என்று ஒருவர் முன் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் வந்தால் மட்டும் இது போதாது.

ஆல்ஃபிரெஸ்கோ 2020 முதல் ஹைலேண்ட் நிறுவனத்தின் கையில். சமூகப் பதிப்புக்குக் கட்டணம் இல்லை, நிறுவன ஆதரவும் இல்லை. லினக்ஸும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் தெரிந்த முழுநேர ஆள் ஒருவர் இல்லாத இடத்தில் இதை நிறுவாதீர்கள். அப்படி ஒருவர் இருந்து, நீண்ட காலப் பதிவுகளே அதிகம் என்றால், மூன்றிலும் சுத்தமான அமைப்பு இதுதான்.

எதை எடுத்தாலும், முடிவுக்கு முன் சோதனைக் கணக்கில் 20 கோப்புகளைப் போட்டுப் பாருங்கள். ஒன்றைத் திருத்துங்கள், ஒன்றை அழியுங்கள், ஒன்றின் உரிமையாளரையே நீக்குங்கள். பர்வியூ கொள்கை எல்லா இடத்துக்கும் பரவ 7 நாள் வரை ஆகலாம் என்பதால், மறுநாளே வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாமல் எட்டாம் நாள் போய்ப் பாருங்கள்.