ஸ்பேட் கினியா, 1818 கிரவுனா?

ஜார்ஜிய காலத்து பிரிட்டிஷ் நாணயம் சேர்க்க ஆரம்பிப்பவர்களின் கை முதலில் போவது தங்கத்துக்குத்தான். அதிலும் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஸ்பேட் கினிக்கு (1787–1799). கினி என்பது பழைய ஆங்கிலத் தங்க நாணயம், பின்பக்கக் கேடயம் ஸ்பேட் வடிவில் இருப்பதால் இந்தப் பெயர். எடை சுமார் 8.35 கிராம், 22 காரட். சந்தை எவ்வளவு படுத்தாலும் தங்கத்தின் விலையாவது மிஞ்சும். சரி, ஆனால் அது அபூர்வமா? அப்படியொன்றும் இல்லை.

உண்மையான அபூர்வம் அந்தக் காலத்து வெள்ளியில் இருக்கிறது. 1717-ல், நியூட்டன் நாணயச்சாலைத் தலைவராக இருந்தபோது, கினிக்கு 21 ஷில்லிங் (வெள்ளி நாணயம்) என்று மதிப்பு வைத்தார்கள். அந்தக் கணக்கில் தங்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு கிடைத்தது. விளைவு, தங்கம் நாணயச்சாலைக்கு வந்தது. வெள்ளி இந்தியா, சீனா பக்கம் கப்பலேறியது. மூன்றாம் ஜார்ஜ் காலத்தில் 1816 வரை ஷில்லிங் அச்சடித்த வருடங்களே சொற்பம். 1798-ல் டோரியன் அண்ட் மேஜென்ஸ் வங்கி கொடுத்த வெள்ளியில் அடித்த ஷில்லிங்கை அரசே உருக்கச் சொல்லிவிட்டது. தப்பிய சிலவற்றைச் சாதாரண சேகரிப்பாளர் ஏலப் படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

கைக்கு எட்டும் வெள்ளி என்றால் 1818–1820 கிரவுன், அதாவது ஐந்து ஷில்லிங் நாணயம். 28 கிராமுக்கு மேல் எடை, 92.5 சதவீத வெள்ளி. அதில் இருக்கும், நாணயச் சிற்பி பிஸ்ட்ரூச்சியின் புனித ஜார்ஜும் டிராகனும் 1817 சாவரின் தங்க நாணயத்திலும் உண்டு. ஆனால் 22 மி.மீ. தங்கத்தில் நெருங்கிப்போன உருவம், 38 மி.மீ. வெள்ளியில்தான் மூச்சு விடுகிறது. மனிதர் தன் குடும்பப் பெயரைச் சுருக்காமல் கிரவுனின் இரண்டு பக்கமும் பொறித்துக்கொண்டார், அந்தத் துணிச்சலும் எனக்குப் பிடிக்கும்.

வாங்கும்போது கினியில் விளிம்பைப் பாருங்கள். நகையாக அணிய வளையம் பற்றவைத்து, பிறகு எடுத்துத் தேய்த்தவை நிறைய. பித்தளையில் செய்த விளையாட்டு வில்லைகளும் கினி போலவே இருக்கும். தராசில் வைத்தால் குட்டு உடையும். கிரவுனின் விளிம்பில் ரோமன் எண்ணில் ஆட்சியாண்டு இருக்கும். 1818-க்கு LVIII அல்லது LIX என்று இரண்டு வகை, அதாவது 58, 59. கிரவுனில் பெரிய ஆபத்து பாலிஷ். பளபளக்கும் பழைய வெள்ளியைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

என் ஓட்டு கிரவுனுக்கு. தங்கம்தான் வேண்டும் என்றால் ஸ்பேட் கினியை விட்டு 1813 'மிலிட்டரி கினி'க்குக் காசு சேருங்கள். பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படைச் செலவுக்காக அடித்தது, கினி வரிசையில் அதுவே கடைசி. விலை கூடுதல்தான்.