விமானம் ஓட்டப் பழக மின்சாரமா, பெற்றோலா?

பேர்னில் எங்கள் ஆட்களின் பிள்ளைகள் இரண்டு பேர் இந்த வசந்தத்தில் விமானம் ஓட்டப் பழகப் போகிறார்கள். "அண்ணா, எதில தொடங்கலாம்?" என்று இருவரும் தனித்தனியே கேட்டார்கள். நான் உரிமம் எடுத்தது போன ஆண்டுதான். பழகிய விமானக் களத்தில் இரண்டு வகையும் ஒரே கொட்டகையில் நின்றன. ஒன்று பிப்பிஸ்ரெல் நிறுவனத்தின் வெலிஸ் எலெக்ட்ரோ என்ற மின் விமானம். மற்றது அதே நிறுவனத்தின் வைரஸ் எஸ்.டபிள்யூ 121, றொட்டாக்ஸ் 912 என்ற பெற்றோல் இயந்திரம் பூட்டியது. வைரஸின் உடற்கட்டிலிருந்துதான் வெலிஸ் உருவானது. இரண்டிலும் இரண்டு இருக்கைகள், இரண்டுக்கும் 600 கிலோ எடை வரம்பு. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான சோடி கிடைக்காது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இருபது மணித்தியாலத்தை மின்சாரத்தில் பழகுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன், இன்னொரு முறை தொடங்கினாலும் அதையே செய்வேன்.

தூரம் என்று வந்தால் பெற்றோலுக்குப் பக்கத்தில் பற்றரி நிற்கவே முடியாது. ஒரு கிலோ பெற்றோலில் ஏறத்தாழ 12 யூனிற் சக்தி இருக்கிறது. இயந்திரம் அதில் முக்கால்வாசியை வெப்பமாக வீணாக்கினாலும் பற்றரி கிட்ட வராது. வெலிஸின் இரண்டு பற்றரிகளும் சேர்ந்து 24.8 யூனிற்தான். ஒவ்வொன்றும் 70 கிலோ அளவில் எடை. அதைக்கொண்டு, அவசரத்துக்கு ஒதுக்கும் கையிருப்பு நீங்கலாக, அதிகபட்சம் 50 நிமிடம் பறக்கலாம். 2020இல் சுவிஸின் ஷேனிஸிலிருந்து வடகடலில் உள்ள நோர்டர்னைத் தீவுக்கு ஒரு குழு இதே விமானத்தில் போனது. 700 கிலோமீற்றருக்கு இடையிடையே இறங்கி மின்னேற்றி மூன்று நாள் எடுத்தார்கள். றொட்டாக்ஸ் என்றால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். இந்தப் போட்டி முடிந்துபோன ஒன்று, இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் பழகுகிறவனுக்குத் தூரம் எதற்கு? தொடக்கத்தில் நீங்கள் எங்கும் போவதில்லை. ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்குவீர்கள், சக்கரம் தொட்டதும் திரும்ப ஏறுவீர்கள். ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வகுப்பில் ஆறு தடவை இறங்கலாம். அதற்கு மேல் எனக்கு மூளை வேலை செய்யவில்லை. ஏழாவது இறக்கத்தில் நான் படித்தது எதுவுமில்லை, பிழைகள்தான் கூடின. பற்றரி முடிகிற நேரமும் நான் களைக்கிற நேரமும் அநேகமாக ஒன்றாகவே வந்தன. திரும்ப மின்னேற்ற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் பயிற்றுநர் பலகையில் படம் கீறி, எந்த இறக்கத்தில் மூக்கை எப்போது தூக்கினேன் என்று விளக்குவார். பெற்றோல் விமானத்தில் அந்தப் பேச்சு ஓடுபாதையிலிருந்து கொட்டகைக்குப் போகிற வழியில் அவசரமாக முடிந்துவிடும், ஏனென்றால் அடுத்த மாணவர் காத்திருப்பார்.

முடிவைத் தீர்மானித்தது இதுவும் அல்ல, சத்தம்தான். பறக்காதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். சுவிஸில் சிறிய களங்கள் பெரும்பாலும் ஊரை ஒட்டி, பால்பண்ணைக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கின்றன. பல களங்களில் மதியம் சுற்றுப் பறப்புக்கு இடைவேளை, ஞாயிறு என்றால் கட்டுப்பாடு இன்னும் கூட. இறங்கும் கட்டணத்திலேயே சத்தத்துக்கு என்று ஒரு வகுப்புப் பிரித்து அறவிடும் களங்களும் உண்டு. வேலைக்குப் போகிற எனக்குச் சனிக்கிழமையும் கோடைகால மாலைகளும்தான் கிடைத்தன. அயலவர்கள் தோட்டத்தில் இறைச்சி சுடுகிற நேரமும் அதுதான். ஒருவன் இறங்கப் பழகுவதற்காக அதே இருபது வீடுகள் ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை இயந்திரச் சத்தத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர்கள் முறையிட்டால் அதில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெலிஸின் சத்தம் சான்றிதழில் 60 டெசிபெல். விசிறி காற்றை வெட்டுகிற ஒலி இருக்கத்தான் செய்கிறது, சத்தமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் புகைக்குழாயின் உறுமல் இல்லை. எங்கள் களத்தில் மாலைச் சுற்றுகளுக்கு மின் விமானத்தை விட்டார்கள், பெற்றோல் விமானத்துக்கு எண்ணிக்கை வரம்பு வைத்தார்கள். அதனால் ஒரே மாதத்தில் எனக்குக் கிடைத்த இறக்கங்கள், பெற்றோலில் மட்டும் பழகிய நண்பருக்குக் கிடைத்ததைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. விமானம் ஓட்டுவதில் கையும் கண்ணும் பழக வேண்டிய இடம் இறக்கம்தான். இரண்டு வாரம் விட்டால் பழையபடி ஆகிவிடும், அடுத்தடுத்து செய்தால்தான் உடம்பில் ஏறும். 50 நிமிடம்தான் பறக்கும் என்று குறை சொல்லப்பட்ட விமானம்தான் எனக்கு அதிக பழக்கம் தந்தது.

உள்ளே இருந்தால் வேறு வித்தியாசங்களும் தெரியும். றொட்டாக்ஸில் எண்ணெய் பார்க்க முன் விசிறியைக் கையால் பல தடவை சுற்றி, தொட்டிக்குள் 'குளுக்' என்று சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு எண்ணெய் 50 பாகை சூடாகும்வரை முழு விசை கொடுக்க முடியாது. ஜனவரியில் அது நீண்ட நேரம். வெலிஸில் நெம்புகோலைத் தள்ளினால் விசை அந்தக் கணமே வருகிறது. இறக்கம் சரியில்லை என்று கடைசி நொடியில் திரும்ப ஏறும்போது அது பெரிய ஆறுதல். திரையில் மிச்சப் பறப்பு நேரம் நிமிடக் கணக்கில் தெரிகிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு. தரையில் விசிறி அசையாமல் நிற்கும்போதும் மோட்டார் உயிரோடு இருக்கலாம். பெற்றோல் விமானத்தில் சத்தமே காவல், இதில் அது இல்லை. விசிறிக்கு முன்னால் ஒருபோதும் போகாதீர்கள்.

எடையும் யோசிக்க வேண்டியது. வெலிஸ் சுமக்கக்கூடியது 172 கிலோ. பெற்றோல் விமானத்தில் பயிற்றுநர் பெரிய ஆள் என்றால் பெற்றோலைக் குறைத்துப் போட்டுச் சமாளிக்கலாம். பற்றரியைக் கழற்றி வைக்க முடியாது, வெறுமையானாலும் அதே எடை. கேட்ட இரண்டு பேரில் ஒரு தம்பி ஆறடிக்கு மேல். அவருக்குப் பயிற்றுநரைத் தெரிவு செய்யும்போதே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

பராமரிப்பில் எனக்குத் தெரிந்தது பாதிதான். றொட்டாக்ஸ் பற்றி உலகத்துக்கே தெரியும். 2000 மணித்தியாலத்துக்கு ஒரு முழுப் பிரிப்பு, 100 மணித்தியாலத்துக்கு எண்ணெய் மாற்றம், ஈயம் கலந்த விமானப் பெற்றோல் ஊற்றினால் அதற்கும் முன்னதாகவே. எந்த ஊரிலும் பழுதுபார்க்க ஆள் கிடைக்கும். மின் விமானத்தில் எண்ணெயும் இல்லை, காபரேற்றரும் இல்லை. ஒரு தடவை மின்னேற்ற ஆறேழு பிராங் அளவில் முடிகிறது. ஆனால் வாடகை அந்த அளவுக்கு மலிவாக இல்லை, ஏனென்றால் தேய்ந்துவரும் பற்றரியின் விலையையும் அதில் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு பற்றரி புதிதாக வந்து கழிக்கப்படும்வரை நான் கூட இருந்து பார்த்ததில்லை. குளிர்காலத்தில் நான் மின்சாரத்தில் பறந்ததும் மூன்று தடவைதான், மூன்றும் வழமையைவிடச் சுருக்கமான வகுப்புகள். சொந்தமாக வாங்க யோசிக்கிறவர் இந்த இடத்தில் என் பேச்சை மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

ஒரு கட்டத்தில் கொட்டகையின் மறுபக்கம், பெற்றோல் விமானத்துக்கு, போகத்தான் வேண்டும். ஐரோப்பியத் தனியார் உரிமத்துக்கு 270 கிலோமீற்றர் தனிப் பறப்பு ஒன்று கட்டாயம், இடையில் வேறு இரண்டு களங்களில் இறங்கி ஏற வேண்டும். எனக்கு அந்த நாள் வந்தபோது, வைரஸில் நிரப்பியிருந்த பெற்றோலை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். மாறிய முதல் வாரம் விசை கொடுப்பதில் கைதான் தடுமாறியது, இறக்கங்கள் தடுமாறவில்லை.

தம்பிமாரே, பள்ளியில் பதிய முன் வெலிஸின் திரையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பற்றரியின் ஆரோக்கியம் எத்தனை வீதம் என்று அதில் ஒரு எண் தெரியும். அதைப் பார்த்து, இன்றைக்கு உண்மையில் எத்தனை சுற்று வரும் என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். ஐந்துக்குக் குறைவு என்றால் வேறு களம் பாருங்கள்.