ஊத்தில் தட்டி வாசிப்பது: முகப்பலகைப் பழுதுக்குப் பின் எழுதும் அனுபவம்

முகப்பலகையில் ஓடியிருந்த மயிரிழை விரிசல் ஒட்டப்பட்டு, உள்ளே பிடி விட்டிருந்த குறுக்குச் சட்டம் மீண்டும் பொருத்தப்பட்டு, என் ஊத் (குடம் போன்ற உடலும் குட்டைக் கழுத்தும் கொண்ட அரபுத் தந்திக் கருவி) அண்மையில்தான் பட்டறையிலிருந்து திரும்பியது. கிதாரில் இரு கை விரல்களாலும் தந்திகளைத் தட்டி வாசிக்கும் நண்பர் ஒருவர், அதே வாசிப்புக்காக ஓர் ஊத் வாங்கலாமா என்று இப்போது கேட்டிருக்கிறார். வாங்க வேண்டாம் என்று சொன்னேன். பல ஆண்டுகளாக இப்படித்தான் வாசித்து வருபவன் நான் என்பதால், அந்தப் பதிலுக்கான காரணங்களை முழுமையாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

என்னுடையது வழக்கமான அரபு வகை. தந்தி நீளம் ஏறத்தாழ 61 செ.மீ.; ஐந்து இணைத் தந்திகளும் அடிச் சுருதிக்கு ஒரு தனித் தந்தியும் உண்டு; தந்திகள் கட்டப்படும் குதிரை முகப்பலகையிலேயே ஒட்டப்பட்டது. ரீஷா என்ற நீண்ட மீட்டுகோலால் மீட்டும்போது அதன் ஒலியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனவே தட்டலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

என்னை இன்றுவரை வாட்டுவது இணைத் தந்திகள்தான். ஒரே சுருதியில் சேர்த்த இரண்டு நைலான் தந்திகள் ஒன்றை ஒன்று நெருங்கி ஓடுகின்றன. விரலை ஊன்றி ரீஷாவால் மீட்டினால் இரண்டும் ஒரே குரலாக எழும். ஊத்தின் அழகில் பாதி அந்தச் சேர்க்கையில் இருக்கிறது. ஆனால் மீட்டாமல், விரல் நுனியால் மேலிருந்து அடித்து மட்டும் ஸ்வரத்தை எழுப்பும்போது நிலைமை மாறிவிடுகிறது. நுனி வளைவானது என்பதால் ஒரு தந்தி சற்று முன்னதாகவும் மற்றது சற்றுப் பின்னதாகவும் பலகையைத் தொடுகின்றன. இரண்டும் அடங்கும் இடமும் நூலிழை அளவுக்கு வேறுபடுகிறது. விளைவாக, ஒரே ஸ்வரத்துக்குள் இரண்டு சுருதிகள் உரசி அலைகின்றன. துருக்கியரின் நீள்கழுத்துத் தந்திக் கருவியான பாக்லமாவிலும் தந்திகள் கூட்டமாகத்தான் கட்டப்படுகின்றன. ஆனாலும் ரீஷாவை வைத்துவிட்டு விரல்களாலேயே தட்டி வாசிக்கும் ஷெல்பே முறை அங்கே தெளிவாக ஒலிக்கக் காரணம், கழுத்தில் மெட்டுகள், அதாவது ஸ்வர இடங்களைக் குறிக்கும் குறுக்குக் கட்டுகள், இருப்பதுதான். விரல் எப்படி விழுந்தாலும் தந்திகள் அனைத்தும் மெட்டின் ஒரே கோட்டில் நின்றுவிடும். ஊத்தில் மெட்டு கிடையாது. தந்தியின் ஒரு முனையை நிறுத்துவது விரலின் சதை. அந்தச் சதையே ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் நுண்ணிய மேல் சுரங்களை உறிஞ்சி, ஒலியை மங்கவும் செய்கிறது. பயிற்சியால் இதைக் குறைக்க முடிந்தது, நீக்க முடியவில்லை.

இரண்டாவது இடைஞ்சல் வலக்கைக்கு. அரபு ஊத்தின் கழுத்து, தந்தியின் மூன்றில் ஒரு பங்கில், அதாவது திறந்த தந்தியின் பஞ்சமத்தில், உடலோடு சேர்ந்துவிடுகிறது. மேல் ஷட்ஜத்தைத் தட்ட வேண்டிய நடுப்புள்ளியோ அதற்கும் சுமார் 10 செ.மீ. தள்ளி, முகப்பலகையின் மேல் இருக்கிறது. அங்கே தந்திக்கும் மரத்துக்கும் இடைவெளி கூடுதல் என்பதால் அடியும் பலமாக இருக்க வேண்டும். பலமாக அடித்தால் தந்தி இழுபட்டு ஸ்வரம் ஏறிவிடும். என் கருவியில் கருங்காலி விரல்பலகை அந்த இடம்வரை நீளவில்லை. தந்தி நேராக மென்மையான ஸ்ப்ரூஸ் மரத்தில் போய் மோதுகிறது. முதல் இணையின் அடியில் மரம் இப்போது குழிந்து கிடக்கிறது. ரீஷாவும் உள்ளங்கையிலிருந்து வெளியே நீளும் பொருள்; அதை விரல்களுக்கிடையே ஒதுக்கிக்கொண்டு நடுவிரலாலும் மோதிர விரலாலும் தட்டுவது கைக்கு இயல்பாக வரப் பல மாதங்கள் பிடித்தன.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இந்த வாசிப்பே ஊத்துக்கு அந்நியமானது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. இடக்கை விரலால் அடித்து ஸ்வரம் எழுப்புவதை அரபு வாசிப்பாளர்கள் பஸ்ம் என்று அழைத்து, நெடுங்காலமாக அலங்காரமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். செல்லோவும் வாசித்த துருக்கிய ஊத் கலைஞர் ஷெரீஃப் முகைதீன் தார்கான் 1936-இல் பாக்தாதில் தொடங்கிய கல்விமரபு, இடக்கை விரல்களின் சுதந்திரத்தை ஊத்துக்கு அதுவரை இல்லாத அளவுக்கு விரித்தது. ஈராக்கிய ஊத் கலைஞர்களான முனீர் பஷீரும் அவர் அண்ணன் ஜமீல் பஷீரும் அந்த மரபில் வந்தவர்கள். ஈராக்–ஈரான் போரில் கையை இழந்த நண்பருக்காக ஈராக்கிய ஊத் கலைஞர் நசீர் ஷம்மா ஒரே கையால் வாசிக்கும் முறையை உருவாக்கினார். மீட்டும் கை இல்லாமலே ஊத் பாட முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவையில்லை. ஆயினும் இவர்கள் கையில் தட்டல் என்பது ரீஷா வாசிப்பின் ஒரு பகுதியாகவோ, தேவை பிறப்பித்த தனிக் கலையாகவோ இருக்கிறது. கிதாரில் செய்வதை அப்படியே இங்கு இறக்க அவர்கள் முயலவில்லை.

நான் எதிர்பார்க்காத இன்பம் தாளத்தில் கிடைத்தது. முகப்பலகை ஏறத்தாழ 2 மி.மீ. கனமே உடையது, அதன் பின்னே ஆழமான குடம் முழுக்கக் காற்று. குதிரைக்குக் கீழே, இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் கட்டை விரலின் அடிச்சதையால் மெதுவாக அழுத்தித் தட்டினால், மிருதங்கத்தின் தொப்பியில் எழும் தோம் போல அடங்கிய ஒரு கார்வை எழுகிறது. சட்டத்தின் நேர் மேலே விரல் நுனியால் தட்டினால் வறண்ட, கூர்மையான தக் கிடைக்கிறது. குடத்தின் பட்டைகளை இடக்கை மணிக்கட்டருகே தட்டினால் இன்னும் கெட்டியான மூன்றாவது ஒலி. அரபுத் தாளங்களுக்கு வேண்டியவை அடிப்படையில் தும், தக் என்ற இரண்டே சொற்கள். மக்ஸூம் தாளத்தின் தும் தக், தக் தும் தக் என்ற நடை இந்த ஒரே பலகையில் முழுமையாக வந்துவிடுகிறது. தட்டும்போது மீட்டாத தந்திகளும் அனுரணனமாகச் சேர்ந்து முனகும். தாளக்கருவிகள் எதிலும் எனக்குக் கிடைக்காத நிறைவு அது. பத்து அட்சரம் கொண்ட ஸமாயீ தகீலை இப்படித் தட்டிக்கொண்டே இடக்கையால் ராகத்தை எடுப்பது நான் இதுவரை எந்தக் கருவியிலும் பெறாத மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சிக்குக் கொடுத்த விலைதான் விரிசல். குதிரைக்கும் ஒலித்துளைக்கும் நடுவே ஒட்டும் ரக்மா என்ற மெல்லிய தகடு ரீஷாவின் உராய்விலிருந்து மட்டுமே மரத்தைக் காக்கும். கை விழும் கீழ்ப்பகுதிக்கு எந்தக் காப்பும் இல்லை. நவீன வாசிப்புக்கென்றே செய்தது என்று சொல்லி இதை விற்ற பட்டறை, தட்டும் இடத்தில் ஒரு மெல்லிய மரத்தகடாவது பதித்திருக்க வேண்டும். அல்லது அப்படிச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. எல்லாப் பழியும் தட்டலுக்கே உரியதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்: கடற்கரை ஊரின் ஈரக் காற்றுக்கும் குளிர்சாதன அறையின் வறட்சிக்கும் நடுவே ஆண்டு முழுவதும் போய்வரும் மெல்லிய மரம், யாரும் தட்டாமலே விரிசல் காணக்கூடியது.

பழுது பார்த்தவர் இரண்டு யோசனைகள் கூறினார். கை விழும் இடத்தில் ரக்மா போன்றே இன்னொரு தகடு ஒட்டலாம் என்பது முதலாவது. அது தோம் ஒலியைக் கொஞ்சம் இறுக்கிவிடும் என்றும் அவரே எச்சரித்தார், நான் மறுத்துவிட்டேன். ஒவ்வோர் இணையிலும் ஒரு தந்தியைக் கழற்றிவிடலாம் என்பது இரண்டாவது. அப்படிச் செய்து பார்த்தபோது தட்டல் சுத்தமாக ஒலித்தது, ஆனால் ஊத்தின் குரல் போய்விட்டது. மறுநாளே எல்லாவற்றையும் மீண்டும் கட்டினேன். இப்போது தட்டி எடுக்கும் ஸ்வரங்களைப் பெரும்பாலும் அடிச் சுருதியின் தனித் தந்திக்கே ஒதுக்கிவிட்டேன். இணை இல்லாத அந்த ஒரு தந்தியில் தட்டல் சுருதி பிசகாமல், கனத்த குரலில் நிற்கிறது. மேல் தந்திகளை ரீஷாவுக்கு விட்டுவிட்டேன்.