ஒரே ஓவன், பத்துப் பண்டம்: தேங்க்ஸ்கிவிங் மேசையில் எதற்கு முதல் இடம்?

நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்க வீடுகளில் பெரிய போட்டியே ஓவனுக்குத்தான். வான்கோழி உள்ளே போய்விட்டால் மூன்று, மூன்றரை மணி நேரத்துக்கு வேறு எதற்கும் இடமில்லை. அதே மதியம்தான் ரொட்டியை உதிர்த்து வாட்டும் டிரெஸ்ஸிங் மொறுமொறுப்பாக வேண்டும், மக்ரோனி மேலே சிவக்க வேண்டும், ரொட்டி சூடாக வேண்டும். எந்தப் பண்டம் உசத்தி என்று ருசியை மட்டும் வைத்துப் பேச ஆரம்பித்தால், அவரவர் அம்மா செய்ததுதான் உசத்தி என்று போய் நிற்கும். கூடவே ஓவன் கணக்கையும் வைத்துக்கொண்டால் பல வழக்குகளுக்குத் தீர்ப்பு சொல்லிவிடலாம். நான் பல வருடங்களாக அப்படித்தான் முடிவு செய்கிறேன்.

இது ஆதி காலத்து மெனு, கை வைக்கக் கூடாது என்பவர்களுக்காக முதலில் கொஞ்சம் சரித்திரம். 1621-இல் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் பிளிமத்தில் நடத்திய அறுவடை விருந்துக்கு, வாம்பனோக் பூர்வகுடித் தலைவர் மசாசோயிட்டும் அவருடன் வந்த அவர் மக்கள் சுமார் 90 பேரும் ஐந்து மான்களைக் கொண்டுவந்தார்கள். குடியேறியவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் மானும் வேட்டையாடிய பறவைகளும் உண்டு. பை (pie) என்ற, மாவு ஓட்டில் பூரணம் வைத்துச் சுடும் இனிப்பு இல்லை, மசித்த உருளைக்கிழங்கும் இல்லை. நாடு முழுவதற்குமான நன்றி நாளை லிங்கன் அறிவித்தது 1863-இல். கிரான்பெர்ரி என்ற புளிப்புப் பழத்தின் டப்பா ஜெல்லி நாடெங்கும் கடைக்கு வந்தது 1941-இல், பச்சை பீன்ஸ் கேசரோல் 1955-இல், வான்கோழிக்குள் திணிக்கும் ரொட்டிக் கலவையான ஸ்டஃபிங் அட்டைப்பெட்டியில் வந்தது 1972-இல். மேசையில் பாதி, வெறும் தாத்தா பாட்டி காலத்துச் சரக்குதான். பூர்வகுடி மக்களில் பலர் இந்த நன்றி நாளைத் துக்க நாளாகவே பார்க்கிறார்கள். 1970 முதல் ஒவ்வொரு ஆண்டும் அதே பிளிமத்தில் கூடுகிறார்கள். அந்தக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் சோறு போட வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, வான்கோழிக்கு வருவோம். முழுசாக வாட்டுவதா, முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டு விரித்து வாட்டுவதா, எண்ணெயில் முக்கிப் பொரிப்பதா?

14 பவுண்டுப் பறவையை முழுசாக 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தால் மூன்று முதல் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நெஞ்சுக்கறி பக்குவமாகும்போது தொடை வெந்திருக்காது, தொடை வெந்து முடிவதற்குள் நெஞ்சு சக்கையாகிவிடும் என்பதுதான் பெரிய குறை. கடைகளில் கிடைக்கும் வெள்ளை வான்கோழி நெஞ்சுக்கறி பெருக்க வேண்டும் என்றே வளர்க்கப்பட்ட இனம் என்பதால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

விரித்து வாட்டினால் இரண்டு குறையும் ஒரே வெட்டில் தீர்கிறது. நல்ல சமையலறைக் கத்தரிக்கோலால் முதுகெலும்பின் இரு பக்கமும் வெட்டி எடுத்து, பறவையைக் கவிழ்க்காமல் தட்டில் பரப்பி, நெஞ்செலும்பு முறிகிற வரை உள்ளங்கையால் அழுத்தினால் தட்டையாக உட்கார்ந்துவிடும். தொடைகள் ஓரத்துக்கு வந்துவிடுவதால் அவற்றுக்கு நன்றாக அனல் கிடைக்கும். நெஞ்சும் தொடையும் ஏறக்குறைய ஒன்றாக வேகும். 450 டிகிரியில் சுமார் ஒன்றரை மணி நேரம். தோல் முழுவதும் மேலே பார்த்தபடி இருப்பதால் எங்கே கிள்ளினாலும் அப்பளம் போல நொறுங்கும். வெட்டிய முதுகெலும்பு கிரேவிக்கு ஆச்சு. முழுப் பறவையைத் தூக்கிவந்து மேசை நடுவில் வைக்கும் காட்சி மட்டும் கிடைக்காது. அதற்காக இரண்டு மணி நேர ஓவனை என்னால் தர முடியாது.

பொரித்த வான்கோழி லூசியானா பக்கத்து வழக்கம். கடலை எண்ணெயை 350 டிகிரிக்குக் காய்ச்சி, பவுண்டுக்கு மூன்று நான்கு நிமிடம் என்று பொரிப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும், ஓவனும் முழுசாகக் காலி. ருசியில் மூன்றிலும் இதுவே முதல் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் உள்ளே கொஞ்சம் பனிக்கட்டி மிச்சமிருந்தாலும் எண்ணெய் பொங்கி வழிந்து தீப்பிடிக்கும். வீட்டை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில், சமதரையில் செய்யும் வேலை இது. கராஜிலோ மர முற்றத்திலோ செய்யவே கூடாது. பறவையிலிருந்து வடியும் சாறும் கிடைக்காது என்பதால் கிரேவிக்குத் தனியாக ஏற்பாடு வேண்டும். பழகிய கை இல்லாத வீட்டுக்கு நான் சொல்வது விரித்து வாட்டும் முறைதான்.

எந்த முறையானாலும் இரண்டு விஷயத்தில் சமரசம் கூடாது. உறைந்த பறவை ஃபிரிட்ஜில் இளக, நான்கு ஐந்து பவுண்டுக்கு ஒரு நாள் கணக்கு. 14 பவுண்டுக்கு மூன்று நாள் முழுசாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையே இறக்கி வைத்துவிடுங்கள். வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தெர்மாமீட்டர் எலும்பில் படாமல் சதையில் 165 டிகிரி காட்ட வேண்டும். உப்பைப் பொறுத்தவரை, வாளி நிறைய உப்புத்தண்ணீரில் ஊறவைப்பதைவிட முதல் நாளே தோலில் உப்பைத் தடவி ஃபிரிட்ஜில் திறந்து வைப்பது நல்லது, தோலும் காய்ந்து மொறுமொறுப்பாகும். ஏற்கெனவே உப்புநீர் ஏற்றிய பறவையா என்று உறையில் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு மறுபடி உப்புத் தேவையில்லை.

அடுத்தது ஸ்டஃபிங்கா, டிரெஸ்ஸிங்கா? பறவையின் வயிற்றுக்குள் ரொட்டித் துண்டுகளைத் திணித்து வேகவைப்பது ஒரு கட்சி. சோளரொட்டியை உதிர்த்துத் தட்டில் போட்டுத் தனியாக வாட்டுவது தென்மாநிலங்களின் கட்சி. நான் முழுக்க இரண்டாவது கட்சி. உள்ளே வைத்தால் பறவையின் சாறு முழுவதும் இறங்கும் என்பது நிஜம்தான். அந்தச் சாறு இறங்கிய ரொட்டியின் நட்டநடுவும் 165 டிகிரி தொட வேண்டுமே! அதுவரை காத்திருந்தால் நெஞ்சுக்கறி போச்சு. ஓவனிலும் இன்னும் அரை மணி நேரம் கூடும்.

டிரெஸ்ஸிங்குக்கு சோளரொட்டியைச் சர்க்கரை போடாமல் செவ்வாய்க்கிழமையே சுட்டு, உதிர்த்து, திறந்து காயவிடுங்கள். வியாழக்கிழமை வெங்காயமும் செலரியும் வெண்ணெயில் வதங்கி, சேஜ் என்ற மூலிகை இலை விழுந்ததும் கிளம்பும் வாசனையில் எல்லோரும் சமையலறைக்கு வந்துவிடுவார்கள். வான்கோழியின் கழுத்தையும் உள்ளுறுப்புகளையும் போட்டுக் கொதிக்கவைத்த சாற்றை ஊற்றி, முட்டை சேர்த்து, தளரத் தளரக் கலந்து வாட்ட வேண்டும். (கழுத்தும் உள்ளுறுப்பும் பறவைக்குள்ளேயே சின்னப் பையில் இருக்கும், எடுக்க மறக்க வேண்டாம்.) கரண்டி போட்டால் மேலே கரகரவென்று உடையும், கீழே களி மாதிரி மெத்தென்று இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. நம் தமிழ் வீடுகளில் அன்று வருகிறவர்களில் சைவம் சாப்பிடுகிறவர் இல்லாமல் இருக்க மாட்டார். ஒரு சின்னத் தட்டில் மட்டும் முட்டை போடாமல், காளான் கொதிக்கவைத்த சாற்றை ஊற்றிச் செய்தால் அவருக்கும் அன்றைய முக்கியப் பண்டம் கிடைத்துவிடும். பறவைக்குள் திணித்ததில் அதற்கு வழியே இல்லை.

கிரான்பெர்ரிக்கு அடுப்பு போதும் என்பதால் இங்கே இடத்தகராறு இல்லை. 12 அவுன்ஸ் பழம், ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். பழம் வெடித்துப் பத்து நிமிடம் கொதித்தால் ஆறும்போது தானாக உறைந்துவிடும், உறையவைக்கும் பெக்டின் பழத்திலேயே இருக்கிறது. டப்பாவிலிருந்து வழுக்கி விழும் ஜெல்லி, டப்பாவின் வரிகளோடு அப்படியே நிற்கும். அந்த வரி தெரியாமல் வில்லை போட்டால் கோபப்படும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொழுப்பான கறிக்குப் பக்கத்தில் நாக்குக்குத் தேவை புளிப்பு, டப்பாவில் இருப்பது இனிப்பு. புதுப்பழம்தான்.

ஓவனில் மிச்சமிருக்கும் ஒரு தட்டு இடத்துக்குப் பச்சை பீன்ஸ் கேசரோலும் மக்ரோனி சீஸும் மோதுகின்றன. கேசரோல், நியூஜெர்சியின் காம்டன் நகரில் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையல்கூடத்தில் டார்கஸ் ரைலியும் அவர் குழுவினரும் உருவாக்கியது: பீன்ஸ், டப்பா காளான் சூப், மேலே பொரித்த வெங்காயம். செலவு குறைவு, யார் செய்தாலும் வரும். மக்ரோனியின் வேர் இன்னும் ஆழம். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சனின் அடிமையாக இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ் பாரிசில் பிரெஞ்சுச் சமையல் கற்றுவந்தவர். அவரைப் போன்ற கறுப்பினச் சமையல்காரர்கள் கைவழியே இந்தப் பண்டம் தெற்கில் வேரூன்றியது. கறுப்பினக் குடும்பங்களில் இன்றும் மக்ரோனி செய்யும் உரிமை எல்லோருக்கும் கிடைக்காது, குடும்பமே நம்பும் ஒரு கைக்குத்தான் அது. சீஸைக் கையால் துருவி, முட்டையும் பாலும் ஊற்றி, ஓரம் கருஞ்சிவப்பாகும்வரை வாட்டியதைத் தின்றவர்களுக்கு அந்த மரியாதை ஏன் என்று தெரியும். ஓவன் மக்ரோனிக்கு. பீன்ஸ் அடுப்பிலேயே வெண்ணெயில் வதங்கட்டும், பொரித்த வெங்காயத்தை மேலே தூவிக்கொண்டால் கேசரோலின் நல்ல பாதி கிடைத்துவிடும்.

பை எல்லாம் புதன்கிழமை இரவு ஓவனுக்குப் போகலாம். ஆகவே இங்கே ருசி ஒன்றே கணக்கு, எனக்கு வாதாட ஆசையும் இங்கேதான் அதிகம். வட மாநிலங்களில் பரங்கிக்காய் பை, தெற்கில், முக்கியமாகக் கறுப்பினக் குடும்பங்களில், சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை. பெக்கான் என்ற கொட்டையில் செய்யும் பை மூன்றாவது. சோளப்பாகின் தித்திப்பு அவ்வளவு பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு திகட்டிவிடும்.

பரங்கிக்காய் பை பெரும்பாலும் டப்பா விழுதில்தான் செய்யப்படுகிறது. அந்த விழுதில் மிகப் பெரும்பகுதி இல்லினாய் மாநிலத்தில் விளைவது. டிக்கின்சன் என்ற அந்த ரகம் வெளிறிய தோலோடு நீள்வட்டமாக இருக்கும், ஹாலோவீனுக்குச் செதுக்கும் செம்மஞ்சள் காய் இல்லை. கெட்டிப்பால், முட்டை, பட்டை, இஞ்சி, கிராம்பு சேர்ந்தால் வழவழப்பான நல்ல பைதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தின்றால் முன்னால் நிற்பது பட்டையும் கிராம்பும், காய் பின்னால் ஒதுங்கிவிடுகிறது. கிழங்கு அப்படியில்லை. தோலோடு மெதுவாகச் சுட்டால் அதன் மாவுச்சத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாறி, தோல் கிழிந்த இடத்தில் பாகு கசிந்து கருகி நிற்கும். அந்தக் கிழங்கை நார் எடுத்து மசித்து, வெண்ணெயும் ஜாதிக்காயும் கொஞ்சம் வெனிலாவும் மட்டும் சேர்த்தால் போதும். கிழங்கின் ருசி கிழங்காகவே நிற்கும். தண்ணீரில் வேகவைத்தால் இந்தச் சுவை வராது, அதைச் செய்துவிட்டுக் கிழங்கு பை சுமார் என்று சொல்ல வேண்டாம். மார்ஷ்மெல்லோ போட்ட கிழங்குத் தட்டைக் கைவிட்டு, அந்தக் கிழங்கை எல்லாம் பைக்குக் கொடுத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை மிச்சத்துக்கும் போட்டி உண்டு: சாண்ட்விச், லூசியானாக்காரர்களின் கெட்டிக் குழம்பான கம்போ, நம் ஆட்களின் வான்கோழி பிரியாணி. பிரியாணிக்கு வெந்த கறியை மறுபடி தம் போடுவதால் நெஞ்சுக்கறி நாராகிவிடும், தொடைக்கறியை மட்டும் போடுங்கள். நெஞ்சுக்கறியை மெல்லியதாக நறுக்கி, கிரான்பெர்ரியும் ஒரு கரண்டி ஆறிய டிரெஸ்ஸிங்கும் வைத்து சாண்ட்விச் ஆக்குங்கள். எலும்பு முழுவதும் கம்போவுக்கு. கறியை வெந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும், ஞாயிற்றுக்கிழமை வரை மூன்றையும் ஒரு கை பார்க்கலாம்.