எதிரணிக்காரர் தலையாட்டினால்தான் மேலே ஏறும்: கம்யூனிட்டி நோட்ஸ், நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

அமெரிக்க அரசியல் பற்றி முகம் தெரியாதவர்களோடு எக்ஸில் சண்டை போட்டு யாரும் யாரையும் மாற்றியதாகச் சரித்திரம் இல்லை. ஒருவர் புள்ளிவிவரம் போடுவார், இன்னொருவர் அதற்கு மீம் போடுவார், மூன்றாமவர் வந்து முதலாமவரின் புரொஃபைல் படத்தைக் கிண்டலடிப்பார். அரை மணி நேரத்தில் சண்டை எதற்காக ஆரம்பித்தது என்பதே மறந்துபோயிருக்கும். அந்தப் பதிவுகளின் அடியில் எப்போதாவது ஒரு சின்னப் பெட்டி தெரியும். வாசகர்கள் சேர்த்த கூடுதல் விவரம் என்று தலைப்பிட்டு, நாலு வரி, ஒரு சுட்டி. அதுதான் கம்யூனிட்டி நோட்ஸ். நான் அதில் சில வருடங்களாக கன்ட்ரிபியூட்டர், அதாவது அந்த நோட்டை எழுதவும் அதற்கு ரேட்டிங் போடவும் சேர்ந்த ஆள். குடியிருப்பது ஒஹாயோவின் கொலம்பஸில். ஓட்டு உண்டு, யாருக்கு என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை, நோட்ஸுக்கும் தேவையில்லை என்பதுதான் வேடிக்கை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 2021 ஜனவரியில் பேர்ட்வாட்ச் என்ற பெயரில், அமெரிக்காவில் மட்டும், சோதனை முயற்சியாக வந்தது. 2022 அக்டோபரில் அமெரிக்கப் பயனர்கள் எல்லோருக்கும் தெரிய ஆரம்பித்தது. அந்த மாதக் கடைசியில் கம்பெனி (அன்றைய ட்விட்டர், இன்றைய எக்ஸ்) ஈலான் மஸ்க் கைக்குப் போனது, நவம்பரில் பெயர் மாறியது, டிசம்பரில் உலகம் முழுக்கத் திறந்துவிட்டார்கள். சேர்வது சுலபம். கணக்கு தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், போன் நம்பர் உறுதியாகியிருக்க வேண்டும், சமீபத்தில் விதிமீறல் இருக்கக் கூடாது. உள்ளே போனதும் உங்களுக்கு ஒரு புனைபெயர். நோட் எழுதியவர் டெக்சாஸ் பண்ணைக்காரரா, புரூக்ளின் பேராசிரியரா என்று யாருக்கும் தெரியாது.

வந்தவுடன் எழுத விடமாட்டார்கள். முதலில் மற்றவர்கள் எழுதியதற்கு, உதவியானதா இல்லையா என்று ரேட்டிங் போட வேண்டும். ஒரு நோட்டின் கதி முடிவாவதற்கு முன்னால் நீங்கள் போட்ட ரேட்டிங், கடைசியில் வந்த முடிவோடு ஒத்துப்போனால் புள்ளி ஏறும். முரண்பட்டால் இறங்கவும் கூடும். ஐந்து புள்ளி சேர்ந்த பிறகுதான் எழுதும் உரிமை. கட்சிக்காரத் துடிப்போடு வருபவர்கள் பலர் இந்த இடத்திலேயே சலித்துத் திரும்பிவிடுவார்கள். என்னைக் கேட்டால் இந்தக் காத்திருப்புதான் இதன் மிகச் சிறந்த அம்சம். பொறுமை இல்லாதவர்களை வாசலிலேயே வடிகட்டிவிடுகிறது.

அடுத்து, எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம்: இது பெரும்பான்மை ஓட்டு கிடையாது. ஒவ்வொருவரும் இதுவரை எந்த நோட்டை உதவியானது என்றார்கள், எதை இல்லை என்றார்கள் என்பதை வைத்து, கணக்கு நம்மை ஒரு கோட்டில் எங்கோ நிறுத்துகிறது. டெமாக்ரட்டா ரிபப்ளிகனா என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்கர்கள் ரேட்டிங் போடும் லட்சணத்திலேயே அந்தக் கோடு ஏறக்குறைய இடது, வலது என்று தானாகப் பிரிந்துவிடுகிறது. பிறகு ஒரு நோட்டுக்கு வந்த ஆதரவில், நம்ம பக்கத்துக்குச் சாதகம் என்பதால் விழுந்த பங்கைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அந்த மிச்சம் 0.40ஐத் தொட்டால்தான் பெரும்பாலும் நோட் பொதுப்பார்வைக்கு வரும். ஆயிரம் பேர் ஒரே பக்கத்திலிருந்து திரண்டு வந்து அமுக்கினாலும் அது மட்டும் பலிக்காது. சம்பந்தி வீட்டார் வாயால் நன்றாக இருந்தது என்று வந்தால்தான் பந்தி நன்றாக இருந்ததாகக் கணக்கு. நிரலும் தரவும் பொதுவெளியில் கிடக்கின்றன. பைத்தான் தெரிந்தவர்கள் இறக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த ஒரு விதி எழுத்தை என்ன பாடுபடுத்துகிறது என்பதற்கு ஒரு உதாரணம். 2024 தேர்தல் நேரத்தில், 2020இல் பென்சில்வேனியாவில் நள்ளிரவில் ஓட்டுகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள் என்ற பழைய பதிவுகள் மறுபடி சுற்ற ஆரம்பித்தன. புதிதாக எழுத வருபவர் அதற்கு இப்படி எழுதுவார்: “இது நீதிமன்றங்கள் பலமுறை தள்ளுபடி செய்த பொய். தோற்றவர்கள் பரப்பும் கட்டுக்கதை.” இடதுபக்கத்தில் கைத்தட்டல் குவியும். வலதுபக்கத்தில் ஒருவரும் தொட மாட்டார்கள். அந்த நோட் அப்படியே கிடந்து சாகும்.

பழகிய கை எழுதுவது வேறு: “பென்சில்வேனியா சட்டப்படி அஞ்சல் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கக் கூடாது. அதனால் அவற்றின் எண்ணிக்கை தாமதமாக வெளியாகிறது.” கீழே மாநில அரசின் பக்கத்துக்குச் சுட்டி. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்ற பேச்சே இல்லை. பொய் என்ற சொல்லும் இல்லை. ஒரு சட்டம், ஒரு நேரம். டிரம்ப் ஆதரவாளர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, இந்தச் சட்டத்தை முதலில் மாற்றித் தொலைக்க வேண்டும் என்று எரிச்சலோடு நினைத்தபடியே உதவியானது என்று அமுக்க முடியும். அந்த எரிச்சலுக்கு இடம் விட்டு எழுதுவதுதான் இங்கே தொழில்.

மறுபக்கத்துக்கும் இதே மருந்துதான். 2024 ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப் சுடப்பட்டபோது, எல்லாம் நாடகம் என்று சில மணி நேரத்துக்குள் இடதுபக்கத்தில் பேச்சு கிளம்பியது. அதற்குக் கோபமாக எழுதிப் பயனில்லை. கூட்டத்தில் ஒருவர் இறந்தார், இருவர் படுகாயமடைந்தார்கள் என்று எழுதலாம். பின்னாளில், காதில் பட்டது முழுக் குண்டோ சிதறிய துண்டோ, குண்டுதான் என்று எஃப்.பி.ஐ. சொன்னதைச் சேர்க்கலாம். அவ்வளவு போதும்.

இப்போது எங்கள் மாநிலத்துக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வசதியின் பலமும் முட்டுச்சந்தும் எனக்கு அதில்தான் ஒருசேரத் தெரிந்தன. 2024 செப்டம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிய ஹைத்தியர்கள் வீட்டு நாய் பூனைகளைச் சாப்பிடுகிறார்கள் என்ற பேச்சு பற்றிக்கொண்டது. 10ஆம் தேதி அதிபர் வேட்பாளர்களின் விவாத மேடையில் டிரம்பே அதைச் சொன்னார். அதற்கு ஆதாரமாகச் சுற்றியவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, இறந்த வாத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதர் தெருவில் நடந்துபோகும் படம். மற்றொன்று, பூனையைக் கொன்று தின்றதாக ஒரு பெண்ணை போலீஸார் பிடிக்கும் உடல்கேமரா காணொளி. வாத்துப் படம் எடுக்கப்பட்டது எங்கள் கொலம்பஸில். காணொளி மாநிலத்தின் இன்னொரு மூலையில் இருக்கும் கேன்டனில் எடுத்தது. அந்தப் பெண் அமெரிக்காவிலேயே பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

இந்த மாதிரி விஷயத்துக்கென்றே பிறந்தது நோட்ஸ். ஊர் தப்பு, தேதி தப்பு, ஆள் தப்பு. சுட்டி ஒன்று கொடுத்தால் எந்தக் கட்சிக்காரரும் சரிபார்த்துக்கொள்ளலாம். எல்லை வேலி வேண்டும் என்பவரும் ஆமாம், இது கொலம்பஸ்தான் என்று ஒப்புக்கொள்வதில் அவருக்கு எதுவும் குறைந்துவிடுவதில்லை.

அடுத்த படிக்குப் போனதும் வண்டி நின்றுவிடுகிறது. ஸ்பிரிங்ஃபீல்டு ஹைத்தியர்கள் சட்டவிரோதமாக வந்தவர்களா? பெரும்பாலோர் தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்து போன்ற ஏற்பாடுகளின் கீழ் சட்டப்படி இருந்தவர்கள் என்பது நகர நிர்வாகமே சொன்னது. ஆனால் அந்த அனுமதி கொடுக்கப்பட்ட விதமே சட்டத்துக்குப் புறம்பானது, ஆகவே அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்றுதான் அழைப்பேன் என்று அப்போது டிரம்பின் துணை அதிபர் வேட்பாளராக இருந்த ஜே.டி. வான்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். இப்போது நோட் எழுதுபவர் அனுமதிப் பத்திரத்தைக் காட்டினால், எதிரில் இருப்பவர் அந்தப் பத்திரத்தின் யோக்கியதையைத்தான் கேள்வி கேட்கிறார். இருவரும் ஒரே காகிதத்தைப் பார்த்துக்கொண்டு வேறு வேறு விஷயம் பேசுகிறார்கள். இந்த இடத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒப்புதல் வாங்க எந்த வாக்கிய வித்தையும் உதவாது. நோட் ‘இன்னும் ரேட்டிங் தேவை’ என்ற நிலையிலேயே நிற்கும். இரண்டு வாரம் ஆனால் நிலை உறைந்துவிடும்.

எழுதப்படும் நோட்களில் பெரும்பாலானவற்றின் கதி இதுதான், பொதுமக்கள் கண்ணில் படுவதில்லை. 2024 அக்டோபரில் சென்டர் ஃபார் கவுன்ட்டரிங் டிஜிட்டல் ஹேட் என்ற அமைப்பு தேர்தல் பற்றிய தவறான பதிவுகள் 283ஐ எடுத்து ஆராய்ந்தது. அவற்றில் 209 பதிவுகளுக்குச் சரியான நோட் எழுதப்பட்டும் எல்லோருக்கும் காட்டப்படவில்லை என்றது. அந்த அமைப்புக்கும் மஸ்க்குக்கும் கோர்ட்டு வரை போன பகை உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டே படித்தாலும், அந்த எண் எனக்கு ஆச்சரியம் தரவில்லை. சூடான விஷயமானால் சம்மதம் கிடைக்காது. சம்மதம் கிடைக்கும் விஷயம் சூடாக இருக்காது. கிடைத்தாலும் அதற்குள் பதிவு பரவ வேண்டிய இடமெல்லாம் பரவி முடிந்திருக்கும்.

இனி, உள்ளே நடக்கும் சண்டை. நோட்டுக்குப் பதில் எழுதும் வசதி இல்லை என்பதால் சண்டையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒருவர் நோட் முன்மொழிந்ததும் இன்னொருவர் வந்து “என்.என்.என்.” என்று ஆரம்பித்து எதிர்நோட் எழுதுவார். நோட் தேவையில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. இது சொந்தக் கருத்து, கருத்துக்கு நோட் போடக் கூடாது என்பது வழக்கமான வாதம். பாதி நேரம் அந்த வாதம் நியாயமானதும்கூட. “இந்த நாட்டைக் கெடுத்ததே இவர்கள்தான்” என்ற பதிவுக்கு எந்தத் தரவைக் கொண்டுபோய் ஒட்டுவது? ஆனால் தனக்குப் பிடித்த தலைவர் அப்பட்டமாகத் தப்பான எண்ணைச் சொல்லும்போதும் அதே மூன்றெழுத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருபவர்கள் இரு பக்கமும் உண்டு. திட்டிக்கொள்ள இடமில்லாததால் இந்தச் சண்டை நாகரிகமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒருவருக்கொருவர் பதில் சொல்ல முடியாதபடி வைத்ததை முதலில் குறை என்று நினைக்கத் தோன்றும். நாள்பட நாள்பட அதுதான் மூச்சுவிட வைக்கிறது. கடைசி வார்த்தை என்னுடையதாக இருக்க வேண்டும் என்ற அரிப்புக்கு இங்கே தீனி இல்லை.

பெரிய இடம் என்று பார்த்து நோட் பயப்படுவதில்லை என்பது பேர்ட்வாட்ச் பரவலான உடனேயே தெரிந்துவிட்டது. 2022 நவம்பர் முதல் தேதி, நாடாளுமன்றத்துக்கான இடைக்காலத் தேர்தல் பிரச்சாரம் உச்சத்தில் இருந்தபோது, அதிபர் பைடனின் தலைமையால் முதியவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) தொகையில் பத்தாண்டுகளில் இல்லாத உயர்வு கிடைக்கிறது என்று வெள்ளை மாளிகைக் கணக்கு பெருமையடித்தது. அடியில் ஒரு நோட் வந்து உட்கார்ந்தது: உயர்வுக்குக் காரணம் விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் நடக்கும் சரிக்கட்டல், அதற்கான சட்டத்தில் 1972இலேயே அன்றைய அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். அந்த வருடச் சரிக்கட்டல் 8.7 சதவீதமாக எகிறியதே பணவீக்கம் எகிறியதால்தான். மறுநாள் பதிவைக் காணோம். அந்த நோட்டில் ஒரு வசைச்சொல் கிடையாது. எழுதப் பழகுபவர்களுக்கு இன்றைக்கும் நான் காட்டும் மாதிரி அதுதான்.

மஸ்க்கின் பதிவுகளிலும் நோட் ஏறியிருக்கிறது. அதனாலேயே இதை நம்பலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு 2025 பிப்ரவரி கொஞ்சம் நெருடலான மாதம். ஸெலன்ஸ்கிக்கு உக்ரைனில் 4 சதவீத ஆதரவுதான் என்று டிரம்ப் சொன்னார். கீவ் சமூகவியல் நிறுவனத்தின் கணிப்பு 57 சதவீதம் என்றது. நோட்களும் அதைச் சுட்டின. உடனே மஸ்க், அரசாங்கங்களும் பழைய ஊடகங்களும் நோட்ஸை வளைக்கின்றன, சரிசெய்யப் போகிறோம் என்று எழுதினார். கணக்கு நடுநிலையாக இருக்கலாம். கணக்கை மாற்றும் பேனா யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி வேறு. நிரல் பொதுவில் இருப்பதால் மாற்றினால் தெரியவரும் என்பது ஓரளவுக்கு ஆறுதல்.

மார்க் ஸக்கர்பெர்க் 2025 ஜனவரி 7 அன்று, அமெரிக்காவில் வெளியாட்களைக் கொண்டு செய்த உண்மை சரிபார்ப்பை நிறுத்திவிட்டு இதே முறைக்கு வருவதாக அறிவித்தார். எக்ஸ் வெளியிட்ட நிரலைத்தான் மெட்டாவும் அடித்தளமாக எடுத்துக்கொண்டது. அந்தச் செய்தி வந்தபோது என் நண்பர்கள் வட்டத்தில் நோட்ஸ் ஆசாமி என்ற முறையில் எனக்கு வாழ்த்து வேறு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சரிபார்ப்புத் தொழிலாளர் ஒருவர் நாள் முழுக்க மாவட்டத் தேர்தல் அதிகாரியை போனில் விரட்டிப் பிடித்து எழுதும் கட்டுரைதான் நாங்கள் ஒட்டும் சுட்டியில் பாதிக்குப் பாதி. அந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நாங்கள் எதைச் சுட்டுவது?

யாருக்குச் சிபாரிசு செய்வேன்? அமெரிக்க அரசியல் செய்தியை எப்படியும் தினமும் படிப்பவர், சட்ட வாசகத்தையும் அரசாங்க அட்டவணையையும் திறந்து பார்க்கச் சலிக்காதவர் தாராளமாகச் சேரலாம். தன் கட்சியை ஜெயிக்கவைக்க வருபவருக்கு இது வெறும் தலைவலி. சேர்ந்தால் எழுதுவதைவிட ரேட்டிங்கில் அதிக நேரம் செலவிடுங்கள். உங்கள் பக்கத்தை இடிக்கும் நோட் சரியாக இருந்தால் அதற்கு உதவியானது என்று போடுங்கள், ஏனென்றால் அந்த ஒரு ரேட்டிங் நம்மாளு நோட்டுக்குப் போடும் பத்தைவிடக் கணக்கில் கனமானது. சுட்டியைத் திறக்காமல் போடாதீர்கள். நோட் சொல்வதும் சுட்டியில் இருப்பதும் வேறாக இருப்பது நீங்கள் நினைப்பதைவிடச் சகஜம்.

2025 ஜூலையிலிருந்து ஏஐ பாட்களும் நோட் எழுத அனுமதி உண்டு. ரேட்டிங் மட்டும் மனிதர்கள் கையில். பாட் எழுதியவை சுத்தமாக, கோபமில்லாமல், சரியான நீளத்தில் வருகின்றன. கோபமில்லாமல் எழுத நாங்கள் பட்ட பாடு அதற்கு இல்லை. இப்போதைக்கு அவற்றையும் மற்றவற்றைப் போலவே சுட்டியைத் திறந்து, சொன்ன வரி அங்கே இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானுக்குப் போகிறேன். அடுத்த இடைக்காலத் தேர்தல் 2026 நவம்பர் 3.