7.02-ல் நின்றுபோன கோடு: கலனுக்குள் சென்சார் வைத்து ஆறு ஆண்டுகள்

நுண்ணுயிர் வளர்க்கும் கலனான ஒரு ஃபெர்மென்டரில் பிஎச், கரைந்த ஆக்ஸிஜன், வெப்பநிலை, கலங்கல் (இதை மட்டும் பாதியில் விட்டுவிட்டேன்) என நான்கு சென்சார்களை உள்ளேயே பொருத்தி ஆறு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். வளர்ப்பது பெரும்பாலும் ஈ. கோலை பாக்டீரியா, 37 டிகிரியில். சாம்பிள் எடுத்து மேஜைக்குக் கொண்டுபோய் அளப்பதா, கலனுக்குள்ளேயே அளப்பதா என்று யோசிப்பவர்களுக்கு இது உதவலாம். வாங்கிய முதல் மாதத்திலேயே எழுதியிருந்தால் வெறும் புகழ்ச்சியாகப் போயிருக்கும்.

உள்ளே வைத்து அளப்பதற்கு ஆக்ஸிஜன் ஒன்றே போதுமான காரணம். 37 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரைந்திருக்கும், அதாவது சுமார் 0.2 மில்லிமோல். அடர்த்தியாக வளர்ந்த ஈ. கோலை லிட்டருக்கு மணிக்கு 100 மில்லிமோல் வரை சாதாரணமாக இழுக்கும். கணக்குப் போட்டால், காற்று நின்ற ஏழெட்டு விநாடிகளில் எல்லாம் காலி. சாம்பிள் குப்பியை மூடி மேஜைக்கு நடப்பதற்குள் அளக்க ஒன்றும் மிஞ்சாது. வெளியே எடுத்து அளப்பது துல்லியம் குறைந்த முறை என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த அளவு அங்கே இல்லவே இல்லை.

பிஎச் விஷயத்தில்தான் நான் அதிகம் அடிபட்டேன். இரண்டாம் ஆண்டில் ஒரு பேட்ச். 121 டிகிரியில் கிருமி நீக்கம் முடிந்து, கலன் ஆறியதும் விதை வளர்ப்பை, அதாவது முன்பே சிறிதளவில் வளர்த்த செல்களை, சேர்த்தோம். மூன்று மணி நேரம் திரையில் பிஎச் 7.02. அப்படியே நேர்கோடு. நாங்கள் நிறுத்தி வைக்க விரும்பிய அளவும் (செட் பாயின்ட்) 7.0 என்பதால், கட்டுப்பாடு எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வரைபடத்தில் ஆக்ஸிஜன் சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் செல்கள் வளர்கின்றன. வளர்ந்தால் அமிலம் சேரும். அமிலம் சேர்ந்தால் அதைச் சமன்செய்யும் அம்மோனியா பம்ப் ஓட வேண்டும். பம்ப் கவுன்டரைப் பார்த்தேன்: பூஜ்ஜியம்.

சாம்பிள் எடுத்து மேஜை மீட்டரில் வைத்தால் 6.1. ப்ரோப்பின், அதாவது சென்சார் தண்டின், தலையில் கேபிள் சேரும் இடத்தைத் திருகிக் கழற்றினேன். உள்ளே, தங்கப் பூச்சுத் தொடுமுனைக்கு ஓரமாக, கடுகளவு ஒரு நீர்த்துளி. கிருமி நீக்க நீராவி தேய்ந்த ஓ-ரிங் வழியே உள்ளே புகுந்து ஆறிய துளி. பிஎச் கண்ணாடியின் மின்தடை பல நூறு மெகாஓம். அதன் முன்னால் ஒரு துளி ஈரம் செம்புக் கம்பி மாதிரி. இரண்டு முனைகளும் ஷார்ட் ஆகி மின்னழுத்தம் பூஜ்ஜியமாகிவிடும், பூஜ்ஜிய மில்லிவோல்ட் என்றால் மீட்டர் காட்டுவது பிஎச் 7. குமிழ் கண்ணாடியில் விரிசல் விழுந்தாலும் இதே 7-தான். நடுநிலை பிஎச்சில் வளர்ப்பவர்களுக்கு இதைவிட மோசமான பழுது கிடையாது, ஏனென்றால் பழுதான சென்சார் சரியான விடையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சூடான காற்றில் காயவைத்தேன். ப்ரோப் உடனே உயிர் பெற்றது, பேட்ச் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து எண்ணைவிடக் கோட்டைத்தான் முதலில் பார்க்கிறேன். உயிரோடு இருக்கும் பிஎச் கோட்டில் இரண்டாம் தசமத்தில் ஒரு நடுக்கம் இருக்கும். பம்ப் தட்டும்போதெல்லாம் சின்னப் பல் போல ஏறி இறங்கும். அந்தப் பல் தெரியவில்லை என்றால் எழுந்துபோய் பார்க்கிறேன். பிறகு தொடுமுனையே இல்லாமல் இண்டக்ஷன் வழியே தகவல் கடத்தும் டிஜிட்டல் தலை கொண்ட ப்ரோப்களுக்கு மாறினோம். விலை கூடுதல். ஆனால் இந்தப் பழுது அதற்குப் பின் வரவே இல்லை.

அடுத்தது, மேஜை மீட்டரோடு சண்டை. கலனில் 6.98, மேஜையில் 7.05. யார் சொல்வது சரி? வெகுநாள் வரை மேஜையைத்தான் நீதிபதியாக வைத்திருந்தோம். தினமும் காலையில் ஒரு சாம்பிள், அதற்கேற்ப, சென்சாரின் எண்ணைக் காட்டும் டிரான்ஸ்மிட்டரில் ஒரு திருத்தம். ஒருநாள் அதே குப்பியைப் பத்து நிமிடம் மூடாமல் வைத்து மறுபடி அளந்தேன்: 7.11. அப்புறம்தான் உறைத்தது. கலனுக்குள் கரைந்திருந்த கார்பன் டைஆக்சைடு குப்பியிலிருந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது, பிஎச் ஏறுகிறது. போதாக்குறைக்கு, 37 டிகிரியில் இருந்தது ஆறி அறை வெப்பநிலைக்கு வந்திருக்கிறது. நல்ல சென்சாரைத் தினமும் தப்பான பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது நாங்கள்தான். இப்போது ஒரே ஒரு திருத்தம்: கிருமி நீக்கம் முடிந்து, விதை சேர்ப்பதற்கு முன், செல் இல்லாத ஊடகத்தில் (வளர்ப்புத் திரவத்தில்). பேட்ச் நடுவில் கைவைப்பதில்லை.

பிஎச் எலெக்ட்ரோடு தேயும் பொருள் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்பது கொள்கையளவில் வர வேண்டிய சாய்வு. ஒவ்வொரு 121 டிகிரிச் சூடும் அதில் கொஞ்சம் அரித்துவிடும். சாய்வு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் எங்கள் இடத்தில் ஓய்வு. பாதிப் பிரச்சினை கண்ணாடியில் இல்லை, பக்கத்தில் உள்ள டயஃப்ரத்தில், அதாவது உள்ளிருக்கும் கரைசல் வெளித் திரவத்தைத் தொடும் நுண்துளைப் பீங்கானில். ஊடகத்தில் சல்ஃபைடு இருந்தால் வெள்ளைப் பீங்கான் புள்ளி கறுத்துப்போகும், அது சில்வர் சல்ஃபைடு. தயோயூரியா அமிலக் கரைசலில் ஊறவைத்தால் வெளுக்கும். புரதம் படிந்திருந்தால் பெப்சினும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும். வேலை முடிந்ததும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் போட்டுவைத்து ஒரு எலெக்ட்ரோடைக் கொன்ற பெருமை எனக்கு உண்டு.

ஆக்ஸிஜனுக்கு முதலில் கிளார்க் வகை வைத்திருந்தோம். லேலண்ட் கிளார்க் 1956-ல் வெளியிட்ட அதே அடிப்படைதான்: சவ்வுக்குப் பின்னால் ஒரு பிளாட்டினம் முனை, அது ஆக்ஸிஜனைத் தின்று மின்னோட்டம் தரும். தின்பதால் நீரோட்டம் குறைந்தால் எண்ணும் குறையும். கேபிளைக் கழற்றி மாட்டினால் மீண்டும் நிலைக்குவர மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஒளிவகைக்கு மாறினோம். முனையில் உள்ள சாயப் படலம் ஒளிரும், ஆக்ஸிஜன் அந்த ஒளிர்வை அணைக்கும். அணையும் வேகத்தை அளந்தால் போதும். மாட்டியதும் வேலை. படலம் மட்டும் வெளிச்சத்தில் மெல்ல வெளுக்கும். விநாடிக்கு ஒருமுறை அளந்த வரை படலம் உள்ள மூடி சீக்கிரம் போனது. இருபது விநாடிக்கு ஒருமுறை என்று வைத்ததும் நன்றாகத் தாங்குகிறது.

இதிலும் ஒரு நாள் முழுக்க முட்டாளானேன். காற்றில் 100 சதவீதம் என்று சரிசெய்துவிட்டு, கலனில் அரை பார் மேலழுத்தம் ஏற்றினால் திரையில் 150. சென்சார் கெட்டுவிட்டது என்று விற்றவர்களுக்கு நீளமாக ஒரு கடிதம்கூட எழுதினேன். அழுத்தம் ஒன்றரை மடங்கானால் கரையும் ஆக்ஸிஜனும் ஒன்றரை மடங்குதானே. சென்சார் உண்மையைச் சொன்னது. இப்போது ஓட்டப்போகும் அழுத்தத்திலேயே 100 வைக்கிறோம்.

குமிழிகள் எல்லா சென்சாருக்கும் பொது எதிரி. ஆக்ஸிஜன் முனையில் ஒன்று உட்கார்ந்தால் எண் திடீரென்று மேலே பாயும். முனை சரிவாக வெட்டப்பட்ட வகையில் தொல்லை குறைவு. பிஎச் ப்ரோபைக் கிடையாகப் படுக்கவைக்காதீர்கள், குறைந்தது 15 டிகிரியாவது தலை உயர்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் குமிழ் கண்ணாடிக்குள் இருக்கும் காற்று முனைக்கு ஓடிவிடும்.

வெப்பநிலை பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிடி100 எனும் பிளாட்டினம் மின்தடை வெப்பமானி, அவ்வளவுதான். ஒரு டிகிரிக்கு 0.385 ஓம் மட்டுமே மாறும் என்பதால் நீளமான கேபிளில் இரண்டு கம்பி இணைப்பு வேண்டாம், மூன்று அல்லது நான்கு போடுங்கள்.

கலங்கல் சென்சாரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. செல் எண்ணிக்கையைக் காட்டும் என்று வாங்கினோம். கலக்கியின் வேகத்தைக் கூட்டினால் குமிழி கூடும், செல் கூடியதாகக் காட்டும். அடர்த்தி ஒரு அளவைத் தாண்டினால் கோடு தட்டையாகிவிடும். ஜன்னலில் செல்கள் ஒட்டிக்கொண்டால் பேட்ச் முடிந்த பிறகும் "வளர்ச்சி" தொடரும். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அது செருகியிருந்த போர்ட்டை (கலனில் உள்ள துளையை) மூடிவிட்டேன். செல் அளவுக்கு இன்னும் பழையபடி சாம்பிளை நீர்க்கச் செய்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில்தான் பார்க்கிறோம். அந்தப் போர்ட்டில் அடுத்து மின்தேக்கத்தை அளக்கும் ப்ரோப் வைக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. சவ்வு சிதையாத செல்களை மட்டும் எண்ணும் என்கிறார்கள். ஒரு மாதம் இரவலாகக் கேட்டிருக்கிறேன். முதல் வேலையாகக் கலக்கியின் வேகத்தை ஏற்றி இறக்கிப் பார்க்கப் போகிறேன்.