கமரா விட்டுப் பார்த்தோம்: விளக்கம் நன்று, அறிக்கை தந்த விதம் நன்றன்று

பல வருடங்களாக வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் குளிசை எடுத்துவரும் என் அம்மாவுக்கு, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடத் தொடங்கியதால், திருகோணமலை நகருக்குள் உள்ள தனியார் நிலையம் ஒன்றில், வாய் வழியே சிறு கமராவை இரைப்பைக்குள் செலுத்திப் பார்க்கும் எண்டொஸ்கொப்பி செய்வித்தோம். எங்கள் பக்கத்தில் இதனைக் 'கமரா விட்டுப் பார்ப்பது' என்பார்கள்.

சதைத்துண்டுப் பரிசோதனைக்குத் தனியே எவ்வளவு ஆகும் என்பது உட்பட, கட்டணத்தை முன்கூட்டியே எழுதித் தந்தார்கள். தொண்டை மரப்பதற்கு மருந்து தெளித்த தாதி, "கசக்கும், ஆனா விழுங்கிடுங்கோ அம்மா" என்று சொல்லி, முடியும்வரை அவருடைய கையைப் பிடித்தபடியே நின்றார். பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நிலையத்தின் பெறுமதி அதன் பிறகுதான் தெரிந்தது. இரைப்பையின் மேற்பகுதியில் மிளகளவில் நாலைந்து சதை முளைகள் இருப்பதாகச் சொன்ன மருத்துவர், மருந்துச் சீட்டின் பின்புறத்தில் இரைப்பையை வரைந்து காட்டினார். இந்தக் குளிசையை நீண்டகாலம் எடுப்பவர்களிடம் இத்தகைய முளைகள் வருவதுண்டு என்றும், அவை புற்றுநோயாக மாறுவது மிக அரிது என்றும், ஆனால் அடினோமா என்ற வகை இன்று தீங்கற்றதாக இருந்தாலும் பின்னர் மாறக்கூடும் என்பதால் அதனை முழுமையாக அகற்றிவிடுவார்கள் என்றும் விளக்கினார். தசைப்படையில் உருவாகும் கட்டி மேலே வழவழப்பான தோலுடன் ஒளிந்திருப்பதால், மேலாகக் கிள்ளிய துண்டில் அது அகப்படாமலும் போகலாமாம். தீங்கற்ற கட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். புற்றுநோயோ சுவரை ஊடுருவி, நிணநீர்க் கணுக்களுக்கும் ஈரலுக்கும் பரவும். இரைப்பைப் புற்றுநோய்களில் 90 வீதத்துக்கும் மேற்பட்டவை உட்புறச் சவ்வின் சுரப்பிக் கலங்களில்தான் தொடங்குகின்றன. எது எதுவென்று கண்ணால் பார்த்து அறுதியிட முடியாது என்பதால், துண்டுகள் நுணுக்குக்காட்டிக்குச் சென்றன.

ஹெலிகோபக்டர் பைலோரி கிருமியையும் தேடினார்கள். 1994இலேயே புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தப்பட்ட கிருமி அது. தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் வருவதில்லை என்றாலும், கண்டால் மருந்து கொடுத்து ஒழித்துவிடுவது நல்லதாம். உப்பிட்டுப் பதப்படுத்திய உணவும் ஆபத்தைக் கூட்டுவதால் கருவாட்டைக் குறைக்கச் சொன்னார். அம்மாவுக்கு அந்த மருத்துவரில் பிடிக்காமல் போனது அது ஒன்றுதான்.

குறை அறிக்கையில் வந்தது. பத்து நாள் கழித்து, மூடிய உறையைக் கருமபீடத்தில் நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். வெளி வாங்கிலேயே பிரித்த தம்பியின் கண்ணில் புற்றுநோயைக் குறிக்கும் 'மலிக்னன்சி' என்ற சொல் மட்டும் பட்டது. அதற்கு முன்னால் 'இல்லை' என்று பொருள்படும் சொல் இருந்ததைக் கவனிப்பதற்குள் அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு பொறுமையாகப் படம் வரைந்து விளக்கும் இடத்தில், முடிவை மட்டும் மின்கட்டணச் சிட்டை போல நீட்டுவது எந்த வகையில் நியாயம்?

காரணமில்லாமல் உடல் மெலிபவர்கள், மலம் கறுப்பாகப் போகிறவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள் குளிசையோடு நாளைக் கடத்தாமல் இந்தப் பரிசோதனைக்குப் போகலாம். இந்த நிலையத்தையே நான் சொல்வேன். பணம் கட்டும்போதே, அறிக்கையை மருத்துவர் முன்னிலையில் பெறுவதற்கும் ஒரு நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.